நீலச் சிலந்திக்கு ஒரு அடி ஆழ மண்ணு

கோபால்ட் ப்ளூ டாரன்டுலாங்கற நீலக்கால் முடி சிலந்திய பத்தி எங்க போய் படிச்சாலும் மொதல் வரியிலயே "செம்ம கோவக்கார சிலந்தி, மூடிய தொறந்தாலே கடிக்க பாயும், புதுசா வளக்கறவங்க பக்கத்துலயே போகாதீங்க"ன்னு தான் எழுதியிருக்கும். கடைசி பாதி நூத்துக்கு நூறு சரி, சிலந்தி வளத்து பழக்கமே இல்லாதவங்க இத வாங்கக்கூடாது, அத நானும் சொல்றேன். ஆனா கோவக்கார சிலந்தின்னு சொல்றத மட்டும் என்னால ஒத்துக்கவே முடியாது. என் வீட்ல ஒருத்தி இருக்கா, பேரு நீலி, இங்க இங்கிலாந்துல லெஸ்டர்ல என் ஃப்ளாட்ல புக் ஷெல்ஃபோட கீழ் தட்டுல தான் அவ குடித்தனம். இத்தன வருஷமா அவள பாத்துட்டு வர்றதுல நான் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, இது யாரையும் தேடி வந்து கடிக்கிற ரகமே இல்ல, ஓடி ஒளிய எடம் இல்லாம மாட்டிக்கும்போது தான் திரும்பி நிக்கும். ஒளிய எடம்னா மண்ணு. ஆழமான, உள்ள ஈரமான, நல்லா இறுகுன மண்ணு. அத குடுத்துட்டா முக்காவாசி பிரச்சன அங்கயே தீந்துடும், அதனால இந்த போஸ்ட்ல மண்ண பத்தி கொஞ்சம் அதிகமாவே பேசப்போறேன்.

மொதல்ல ஆளு யாருன்னு சொல்லிடறேன். மியான்மர், தாய்லாந்து காடுங்கள்ல மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழ்ற சிலந்தி இது. 1996ல ஆண்ட்ரூ ஸ்மித்ங்கற பிரிட்டிஷ் சிலந்தி ஆய்வாளர் ஹாப்லோபெல்மா லிவிடம்னு பேர் வெச்சாரு, அப்புறம் அத சிரியோபேகோபஸ் லிவிடஸ்னு மாத்துனாங்க, பழைய ஆளுங்க இன்னும் ஹாப்லோபெல்மான்னே தான் சொல்லிட்டு இருக்காங்க. கால விரிச்சா 12, 13 செ.மீ வரும். ஒடம்பு சாம்பலும் பழுப்பும் கலந்த கலரு, வயித்து மேல கறுப்பு பட்டை பட்டையா இருக்கும், கால் மட்டும் நீலம். அந்த நீலம் மங்கலான வெளிச்சத்துல கறுப்பா தான் தெரியும், டார்ச் அடிச்சா தான் ஜொலிக்கும். பொண்ணு 15 வருஷத்துக்கு மேலயும் இருக்கும், ஆம்பளைக்கு அவ்வளவு ஆயுசு கெடையாது, கடைசியா சட்டை உரிச்சு பெரிய ஆளானதும் நீலமே போயி பழுப்பாகி, பொண்ணு தேடி வளைய விட்டு வெளிய கெளம்பிடும்.

இது ஏன் இவ்வளவு தற்காப்போட இருக்குன்னு கேட்டா, அதுக்கு வேற வழி இல்ல. அமெரிக்க கண்டத்து டாரன்டுலாக்கள்ல நெறைய ஜாதிக்கு வயித்து மேல அரிக்கிற முடி இருக்கும், யாராவது கிட்ட வந்தா பின்னங்கால வெச்சு அத ஒதறி காத்துல பறக்க விட்டுடும், மூக்குல கண்ணுல பட்டா எதிரி ஓடிடுவான். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து டாரன்டுலாவுக்கு அந்த முடி கெடையாது. அதுங்களுக்கு இருக்கறது வேகம், வளை, அது ரெண்டும் கைகுடுக்கலன்னா பல்லு. இதே வரிசையில தான் பாக்கணும், மொதல்ல ஓடும், ஓட எடம் இல்லன்னா மெரட்டும், மெரட்டியும் போகலன்னா தான் கடிக்கும். கண்ணாடி பொட்டியில ரெண்டு இஞ்ச் மண்ணப் போட்டு வெச்சா நாமளே மொதல் படிய எடுத்துட்டோம்னு அர்த்தம், அப்புறம் அது மெரட்டுதேன்னு சொல்றது என்ன நியாயம்?

மெரட்டறத பக்கத்துல இருந்து பாத்தீங்கன்னா அதுல எவ்வளவு விஷயம் இருக்குன்னு தெரியும். முன்னங்கால் ரெண்டு ஜோடியையும் தூக்கி ஒடம்ப பின்னாடி சாச்சு நிக்கும், வாய்க்கு ரெண்டு பக்கமும் செம்பட்டை முடி தெரியும், அதுக்கு நடுவுல கறுப்பு பல்லு ரெண்டும் விரிஞ்சு நிக்கும், சில நேரம் பல்லோட நுனியில சொட்டு விஷம் கண்ணாடி மணி கணக்கா நிக்கறதையும் பாத்திருக்கேன். வீட்டு சுவத்துல இருக்கற சாதா சிலந்திக்கு பல்லு ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து பக்கவாட்டுல மூடும். டாரன்டுலாவுக்கு ரெண்டும் ஒரே தெசையில மேல இருந்து கீழ எறங்கும். அதனால கடிக்கணும்னா ஒடம்ப தூக்கித்தான் ஆகணும், அந்த நிலையில நிக்கறதே ஒரு எச்சரிக்கை தான். இன்னும் கிட்ட போனா முன்னங்கால தரையில பட்டு பட்டுன்னு அடிக்கும். கடிக்கணும்னு மட்டுமே நெனைக்கிற ஜீவன் இத்தன தடவ சொல்லிட்டு கடிக்குமா, எனக்கு தோணல.

நீலிய நான் வாங்குன கடைய பத்தி சொல்லணும். பேர் வேண்டாம். அங்க அவள ஒரு படுத்தவாக்கு பிளாஸ்டிக் டப்பால வெச்சிருந்தாங்க, அடியில கைவெரல் முட்டி அளவுக்கு மரப்பட்டை சீவல், நடுவுல ஒரு பாதி தேங்கா சிரட்டை, மேல சூடு பல்பு. மரப்பட்டையில எந்த சிலந்தியாலயும் வளை தோண்ட முடியாது, சரிஞ்சு விழுந்துட்டே இருக்கும். அவ அந்த சிரட்டைக்கு பின்னாடி மூலையில கால ஒடுக்கிட்டு உக்காந்திருந்தா, வயிறு சுருங்கி போயிருந்துச்சு. கடைக்காரர் வர்றவங்களுக்கெல்லாம் காட்டறதுக்காக ஒரு குச்சிய வெச்சு தட்டுவாரு, அவ எழுந்து நிப்பா, பாக்கறவங்க போன எடுத்து வீடியோ எடுப்பாங்க. எனக்கு அத பாத்து நிக்க முடியல. வெல கூட பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல அவளுக்காக தயார் பண்ண எடத்துல விட்டதும் மொதல் ராத்திரியே தோண்ட ஆரம்பிச்சுட்டா. டாரன்டுலா மண்ண தோண்டறது பாக்கவே தனி அழகு. பல்லால மண்ண கொத்தி, வாய்க்கு பக்கத்துல இருக்கற சின்ன கையும் முன்னங்காலும் சேத்து அத ஒரு உருண்டையா புடிச்சு, வெளிய தூக்கிட்டு வந்து ஒரு ஓரமா வெச்சுட்டு, திரும்ப உள்ள போகும். மேல கொட்டுன மண்ணு மேல லேசா நூல் போட்டு ஒட்டி வெக்கும், சரிஞ்சு திரும்ப உள்ள விழாம இருக்க. கொஞ்ச நாள்ல கண்ணாடியோட அடி வரைக்கும் போயி அங்க ஒரு அறை மாதிரி அகலமா பண்ணிட்டா. அதுக்கப்புறம் நான் மூடிய தொறந்தா ஒரு தடவ கூட எழுந்து நின்னு மெரட்டுனது கெடையாது, மண்ணு லேசா அதிரும்போதே உள்ள மறைஞ்சிடுவா. அதே சிலந்தி, அதே விஷம், மாறுனது மண்ணு மட்டும்தான். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, இவளுக்கு அது அப்படியே பொருந்தும்.

சரி மண்ணுக்கு வருவோம். அகலத்த விட ஒசரமான கண்ணாடி தொட்டி தான் வேணும், 30 செ.மீ அகலம், 45 செ.மீ ஒசரம்னு கெடைக்கறது நல்லா பொருந்தும். அதுல மண்ணு மட்டும் கொறஞ்சது ஒரு அடி ஆழம் போகணும், முடிஞ்சா அதுக்கு மேலயும். மண்ணுக்கும் மூடிக்கும் நடுவுல ரொம்ப எடம் விடக்கூடாது, ஏன்னா இது மரத்துல ஏறுற சிலந்தி இல்ல, கண்ணாடியில ஏறி கீழ விழுந்தா வயிறு கிழிஞ்சிடும், வயித்து தோலு அவ்வளவு மெலிசு. டாரன்டுலா வளக்கறதுல விழுந்து சாகறது தான் ரொம்ப வேதனையான சாவு, தடுக்கக்கூடிய சாவும் கூட.

கலவை என்னன்னா கோக்கோபீட், அதாவது தென்ன நார் தூளு, அதோட உரம் கலக்காத தோட்டத்து மேல்மண்ணு, கொஞ்சம் களிமண்ணு. வெறும் கோக்கோபீட் போட்டா காஞ்சதும் பொலபொலன்னு ஆகி வளை இடிஞ்சு போகும், களிமண்ணு சேந்தா தான் சுவரு நிக்கும். இந்த கோக்கோபீட் இங்க பெட் ஷாப்ல செங்கல் மாதிரி அழுத்தி விக்கறாங்க, நான் வாங்குற பாக்கெட்ல இந்தியான்னு தான் போட்டிருக்கும், நம்ம பொள்ளாச்சி பக்கத்துல இருந்து இதெல்லாம் வெளிநாட்டுக்கு ஏகப்பட்டது போகுது, பொள்ளாச்சி தென்ன நாருக்குள்ள பர்மா சிலந்தி லெஸ்டர்ல வீடு கட்டுதுன்னு நெனச்சா எனக்கு சந்தோஷமா இருக்கும். கலவைய தண்ணி தெளிச்சு பெசஞ்சு, ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துனா கொழுக்கட்டை மாதிரி புடிச்ச புடியில நிக்கணும், வெரல் சந்துல தண்ணி சொட்டக்கூடாது, அது தான் பதம். அப்புறம் தொட்டில கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒவ்வொரு அடுக்கையும் கைமுட்டியால நல்லா குத்தி குத்தி இறுக்கணும். இத சோம்பேறித்தனமா பண்ணா அப்புறம் வளை சரிஞ்சு அவ உள்ள மாட்டிக்குவாளோன்னு நாமதான் பயந்துட்டே இருக்கணும். ஒரு ஓரத்துல கார்க் பட்டைய சாச்சு நட்டு அதுக்கு அடியில ஒரு குச்சியால சாய்வா ஒரு ஓட்டை போட்டு விடுங்க, பெரும்பாலும் அங்க இருந்து தான் ஆரம்பிக்கும். கண்ணாடிய ஒட்டுன மாதிரி ஓட்டைய போட்டா வளையோட ஒரு பக்கம் கண்ணாடியா அமையும், வெளிய கறுப்பு பேப்பர ஒட்டி வெச்சுக்கிட்டு எப்பவாவது மெதுவா தூக்கி பாத்துக்கலாம். நீலி அப்படித்தான் தோண்டுனா, எனக்கு அதுல ரொம்ப நிம்மதி, நல்லா இருக்காளான்னு தெரிஞ்சுக்க தோண்டி பாக்க வேண்டியதில்ல.

ஈரம் கீழ இருக்கணும், மேல் மண்ணு காய்ஞ்சாலும் பரவால்ல. மேல தண்ணிய ஸ்ப்ரே பண்ணி பண்ணி நனைச்சா பூஞ்சை புடிக்கும், பேனு மாதிரி குட்டி பூச்சி வரும், காத்து தேங்கிடும். நான் ஒரு மூலையில ஒரு பிளாஸ்டிக் குழாய அடி வரைக்கும் எறக்கி வெச்சிருக்கேன், அதுல தண்ணி ஊத்துனா நேரா கீழ போயிடும், அவ தலைல படாது. இதுக்கு மேல ஸ்பிரிங்டெயில்னு ஒரு பூச்சி, கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாத அளவு வெள்ளையா இருக்கும், அத மண்ணுல விட்டா பூஞ்சைய தின்னு சுத்தம் பண்ணிக்கும். தண்ணி கிண்ணமும் கண்டிப்பா வேணும், அவ அதுல மண்ண அள்ளி கொட்டிட்டே இருப்பா, நான் கழுவி திரும்ப வெச்சிட்டே இருப்பேன். சிலந்திக்கு கால மடக்க தசை இருக்கு, ஆனா விரிக்கறது முக்கியமா ஒடம்புல இருக்கற திரவத்தோட அழுத்தத்துல தான். ஒடம்புல தண்ணி வத்துனா காலெல்லாம் அடியில சுருண்டுக்கும். அந்த நிலையில பாத்தா ஒடனே தண்ணி குடுக்கணும், தாமதிச்சா போச்சு.

சூடு விஷயத்துல நெறைய பேர் தப்பான பொருள வாங்கி வெச்சிருக்காங்க. இங்கிலாந்து குளிரு, ராத்திரி ஹீட்டர் நின்னுட்டா வீடு சில்லுன்னு ஆயிடும், அதனால கடைக்காரங்க தொட்டிக்கு அடியில வெக்கற ஹீட் மேட்ட தலையில கட்டிடுவாங்க. தோண்டுற சிலந்திக்கு அடியில சூடு வெக்கறது ஆபத்து. காட்டுல சூடுன்னா மேல இருந்து தான் வரும், வெயில் ஜாஸ்தியானா அது என்ன பண்ணும்? கீழ தோண்டும். இங்க சூடு கீழ இருந்து வருது, அது தப்பிக்க கீழ தோண்டுது, தோண்டத் தோண்ட சூட்ட நோக்கி தான் போகுது, அடி மண்ணும் காஞ்சிடும். மேல பல்பு போட்டாலும் காய வெச்சிடும். ரூம சூடா வெச்சுக்கறது தான் நல்லது, 22ல இருந்து 26 டிகிரி போதும், அதுக்கு வழி இல்லன்னா மேட்ட தொட்டியோட பக்கவாட்டுல, மேல் பாதியில ஒட்டி, கண்டிப்பா சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் போட்டு வெக்கணும். வேண்டாம்னா தள்ளி போயிக்கற வாய்ப்பு அவளுக்கு இருக்கணும், அவ்வளவு தான்.

சாப்பாட்டுக்கு சுவர்க்கோழி இல்லன்னா டூபியா கரப்பான், ரெண்டும் இங்க டப்பா டப்பாவா கெடைக்கும். பெரியவளுக்கு பத்து பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு போதும். ராத்திரி வெளக்கெல்லாம் அணைச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு, நீள இடுக்கியால ஒரு பூச்சிய வளை வாசல்ல இருந்து தள்ளி விடுவேன். வாசல சுத்தி அவ நூல் கட்டி வெச்சிருக்கா, வெள்ளையா கம்பளம் விரிச்ச கணக்கா நாலு பக்கமும் பரவியிருக்கும். எட்டு கண்ணு இருந்தும் பார்வை மந்தம் தான், அந்த நூலும் மண்ணும் அதிர்றத காலால கேக்கறது தான் அவளுக்கு எல்லாமே. மொதல்ல வாசல்ல நாலு நீல கால் நுனி மட்டும் தெரியும். பூச்சி அந்த நூல்ல கால வெக்கும். அடுத்தது என்ன நடந்துச்சுன்னு என் கண்ணால பிரிச்சு பாக்கவே முடிஞ்சதில்ல, பூச்சி இருந்த எடத்துல பூச்சி இல்ல, வளைக்குள்ள இருந்து மெலிசா ஒரு நொறுங்குற சத்தம். இந்த ஒரு நொடிக்காக நான் அரைமணி நேரம் இருட்டுல தரையில உக்காந்திருப்பேன், சலிச்சதே இல்ல.

திங்காத பூச்சிய மறுநாள் எடுத்துடணும், முக்கியமா சட்டை உரிக்கப்போற சமயத்துல. உரிச்ச புதுசுல ஒடம்பு எல்லாம் பிஞ்சா இருக்கும், பல்லு கூட வெள்ளையா மெத்துன்னு இருக்கும், சுவர்க்கோழி அத கடிச்சு தின்னுடும், கொன்னே போட்டுடும். சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி அவ வாசல மண்ணும் நூலும் வெச்சு அடைச்சிடுவா. இங்க தான் பொறுமை வேணும். வாரக்கணக்கா, மாசக்கணக்கா கூட வெளிய வராது, சாப்பிடாது. செத்துட்டாளோன்னு பயந்து தோண்டி பாக்கறவங்க இருக்காங்க, அப்படி தோண்டும்போது தான் உண்மையிலயே கொன்னுடறாங்க. ஈரத்த மட்டும் பாத்துக்கிட்டு விட்டுடுங்க. தானா வாசல் தொறக்கும், ஒரு நாள் காலைல பாத்தா வாசலுக்கு வெளிய பழைய சட்டைய உருட்டி தூக்கி போட்டிருப்பா. அதுக்கப்புறமும் பல்லு செவந்து, கறுத்து, கெட்டியாகுற வரைக்கும் எதுவும் போடாதீங்க.

அந்த சட்டைய நான் ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஊற வெப்பேன். நெஞ்சுப்பகுதி மூடி தனியா கழண்டு வந்திருக்கும், அதுல எட்டு கண்ணோட கண்ணாடி கூட இருக்கும். பல்லோட உறை, வாயோட உள்பக்கம், எல்லாமே உரிஞ்சு வந்திருக்கும். வயித்து தோல மெல்ல விரிச்சு உள்பக்கம் பாத்தா நாலு வெள்ளை பட்டை தெரியும், அது சிலந்தி மூச்சு விடற புத்தக நுரையீரலோட தோலு, டாரன்டுலாவுக்கு ரெண்டு ஜோடி. மேல் ஜோடிக்கு நடுவுல விந்து சேத்து வெக்கற சின்ன பை இருந்தா பொண்ணு. நீலி பொண்ணுன்னு நான் உறுதி பண்ணது அப்படித்தான். காஞ்ச சட்டையில காலு மட்டும் அப்பவும் நீலமா தான் இருக்கும், வருஷங்கள் ஆனாலும் மங்காது. ஏன்னா அது சாயம் இல்ல. முடிக்குள்ள இருக்கற ரொம்ப ரொம்ப நுண்ணிய அடுக்கு அமைப்பு தான் நீல வெளிச்சத்த மட்டும் திருப்பி அனுப்புது. 2015ல சயின்ஸ் அட்வான்சஸ் இதழ்ல வந்த ஒரு ஆய்வுல டாரன்டுலா குடும்பத்துல இந்த நீலம் கொறஞ்சது எட்டு தடவ தனித்தனியா உருவாகியிருக்குன்னு காட்டுனாங்க. ராத்திரி வாழ்க்கை, மந்தமான பார்வை, அப்புறம் எதுக்கு நீலம்னு ரொம்ப நாளா கேள்வி இருந்துச்சு. 2020ல சிங்கப்பூர்ல இருந்த வினோத்குமார் சரணாதனும் அவரோட சேந்தவங்களும் டாரன்டுலாக்கள்ல நிறம் பாக்கறதுக்கு தேவையான ஆப்சின் ஜீன்கள் நல்லா வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அப்போ ஒருத்தர ஒருத்தர் நிறத்த வெச்சு பாத்துக்க வாய்ப்பிருக்கு. வளைக்குள்ளயே இருக்கறவளுக்கு யார் பாக்க இந்த நீலம்னு நானும் அடிக்கடி யோசிப்பேன்.

பர்மிங்ஹாம்ல படிக்கிற ஒரு பையன் வீட்டுக்கு வந்தப்போ கேட்டான், "அண்ணா, ஒரே ஒரு தடவ கையில வெச்சு பாக்கலாமா?"

"வேண்டாம் தம்பி."

"பழக்கப்படுத்துனா கடிக்காதுல்லண்ணா? யூட்யூப்ல எல்லாம் கையில விட்டுக்கறாங்களே."

"அது பழகாதுடா. நம்ம கை அதுக்கு சூடா நகர்ற ஒரு தரை, அவ்வளவு தான். அதுக்கு நம்மள தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

அவனுக்கு ஏமாத்தமா இருந்துச்சு, பரவால்ல. டாரன்டுலா கடிச்சு மனுஷன் செத்ததா உறுதியான பதிவு இல்ல. ஆனா ஆசிய டாரன்டுலா கடின்னா தேனீ கொட்டுன கதை இல்ல, பயங்கர வலி, வீக்கம், அதோட தசை புடிப்பு, அந்த புடிப்பு நாள்கணக்குல விட்டு விட்டு வர்றதும் உண்டு. இதுக்குன்னு தனி விஷமுறிவு மருந்து எதுவும் கெடையாது, வலிக்கும் புடிப்புக்கும் தான் வைத்தியம். கடிச்சா சோப்பு போட்டு கழுவி, ஐஸ் வெச்சு, டாக்டர்கிட்ட போகணும், நெஞ்சு வலி, மூச்சு தெணறல்னா ஒடனே ஆம்புலன்ஸ். வீட்ல நாய் இருந்தா இன்னும் ஜாக்கிரதை, ஆஸ்திரேலியாவுல டாரன்டுலா கடிச்சு நாய்ங்க செத்திருக்கு. இங்க சட்டப்படி லைசென்ஸ் தேவையில்ல, 1976ல வந்த ஆபத்தான விலங்குகள் சட்டத்தோட பட்டியல்ல விதவை சிலந்தி, சிட்னி ஃபனல்வெப் எல்லாம் இருக்கு, டாரன்டுலா இல்ல. லைசென்ஸ் இல்லன்றதால பொறுப்பும் இல்லன்னு ஆயிடாது. என் தொட்டிக்கு பூட்டு இருக்கு, மேல என்ன ஜாதின்னு எழுதி ஒட்டியிருக்கேன், எனக்கு ஏதாவது ஆனா யாருக்கு போன் பண்ணனும்னும் எழுதியிருக்கேன்.

எடம் மாத்தும்போது மட்டும் தான் நிஜமான ஆபத்து இருக்கு. அதனால அடிக்கடி மாத்தாம இருக்கற மாதிரி மொதல்லயே பெருசா வெச்சுடுங்க. மாத்தியே ஆகணும்னா கதவு சந்துல துண்டு அடைச்சு, ஒசரமான சுவரு உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பொட்டிக்குள்ள தொட்டிய எறக்கி வெச்சு வேலைய பண்ணனும். கையில ஒரு நீள பெயின்ட் பிரஷ், ரெண்டு மூணு ஒரே சைஸ் டப்பா. மண்ண கரண்டியால மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டே வந்து, அவ தெரிஞ்சதும் டப்பாவ முன்னாடி கவுத்து வெச்சு, பின்னங்கால பிரஷ்ஷால லேசா தொட்டா இருட்டான டப்பாக்குள்ள தானா போயிடுவா. அவசரப்படுத்துனா தான் பிரஷ் மேல ஏறி கைய நோக்கி வருவா, கோவத்துல இல்ல, ஓட வழி தேடி. பக்கத்துல ஒருத்தர் இருக்கறது நல்லது, தனியா பண்ணாதீங்க.

வாங்கறதுன்னா எங்க வாங்கறது? இதுல எனக்கு கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. பெரிய சைஸ் கோபால்ட் ப்ளூ வெல கம்மியா கெடைக்குதுன்னா அது அநேகமா காட்டுல வளைய வெட்டி எடுத்ததா தான் இருக்கும். 2022ல வந்த ஒரு ஆய்வு இணையத்துல தேடி பாத்து சிலந்தி, தேள் வகையில 1,264 ஜாதி வியாபாரத்துல இருக்குன்னு கணக்கு சொன்னுச்சு, அதுல விக்கற உயிர்கள்ல 67 சதவீதம் நேரா காட்டுல இருந்து புடிச்சது, காட்டு உயிர் வியாபாரத்துக்கான சைட்டிஸ்ங்கற சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள்ள வர்றது வெறும் 30 ஜாதி. 20 வருஷம் ஒரே வளையில இருக்கக்கூடிய பொண்ணுங்கள ஒவ்வொண்ணா தோண்டி எடுத்துட்டே போனா அந்த எடத்துல என்ன மிஞ்சும்? நீலியும் காட்டுல இருந்து வந்தவளா தான் இருக்கணும், அந்த கடையில கேட்டப்போ பதில் வரல. இனிமே வாங்கறது எல்லாம் இங்கயே பொறந்த குட்டி மட்டும் தான், வளத்தவர் யாருன்னு தெரிஞ்சு வாங்குவேன். குட்டில நீலம் அவ்வளவா தெரியாது, வளர வளர வரும், அத கூட இருந்து பாக்கறதும் ஒரு சொகம்.

ஊர்ல இருந்து சில பேர் கேக்கறாங்க, அண்ணா எனக்கு ஒண்ணு அனுப்ப முடியுமான்னு. முடியாது, அனுப்பவும் கூடாது. 2020 ஜூலைல போலந்துல இருந்து பார்சல்ல வந்த 107 உயிருள்ள டாரன்டுலாவ சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல புடிச்சாங்க, குட்டி குட்டி குப்பியில பஞ்சும் சில்வர் பேப்பரும் சுத்தி அடைச்சிருந்துச்சு, திருப்பி போலந்துக்கே அனுப்புனாங்க. அந்த பயணத்துல அதுங்க என்ன பாடு பட்டிருக்கும்.

நம்ம ஊர்லயே டாரன்டுலா இருக்குன்னு நெறைய பேருக்கு தெரியறதில்ல. நீலியோட ஜாதிக்கு பேர் வெச்ச அதே ஆண்ட்ரூ ஸ்மித் தான் 2004ல ராமேஸ்வரத்துல கெடைச்ச ஒரு சிலந்திக்கும் பேர் வெச்சாரு, அங்க இருக்கற அனுமவிலாசம் கோயில் பேர சேத்து பொசிலோதீரியா அனுமவிலாசுமிக்கான்னு. அது மரத்துல வாழ்றது, புளியமரம், பனமரம் இருந்தா அதுக்கு எடம் இருக்கு. ஐயுசிஎன்ங்கற சர்வதேச இயற்கை பாதுகாப்பு அமைப்பு அத மிக அருகிவிட்ட இனம்னு பட்டியல்ல சேத்திருக்கு. அடுத்த தடவ ஊருக்கு வரும்போது ராமேஸ்வரம் போயி ராத்திரி டார்ச்சோட மரம் மரமா பாக்கணும்னு இருக்கேன், அந்த பக்கத்து ஆளு யாராவது கூட வர்றதா இருந்தா சொல்லுங்க. கேமராவும் டார்ச்சும் போதும், டப்பா மட்டும் எடுத்துட்டு வராதீங்க.